கருவி வாங்கும் முன் செவிலியரின் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமப்புற மருத்துவமனைகளில் கணினியும், படுக்கையருகே நோயாளியின் உடல்நிலை அளவுகளைக் காட்டும் மானிட்டரும் வந்த பிறகு நோயாளியிடம் முகம் பார்த்துப் பேச ஆளில்லை என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. பழி கருவிகள் மேல் போகிறது. போக வேண்டிய இடம் நிர்வாகம்.

முதல் கோளாறு, இரட்டைப் பதிவு. கணினி வந்தும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பழைய ரிஜிஸ்டரை யாரும் நிறுத்துவதில்லை. ஒரே ரத்த அழுத்த அளவைக் கேஸ் ஷீட்டில், ரிஜிஸ்டரில், கணினியில் என்று செவிலியர் மூன்று முறை எழுதுகிறார். அந்த நேரம் படுக்கையருகே இருக்க வேண்டிய நேரம். எந்த ரிஜிஸ்டர் எந்தத் தேதியோடு மூடப்படுகிறது என்று தலைமை மருத்துவர் எழுத்தில் உத்தரவிட்ட பிறகே கணினியை இயக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஒரு பக்கப் படிவம் போதும். பிறகு அதைக் கணினியில் ஏற்றுவது யார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அலாரம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் இருந்தாலே போதும். மானிட்டரின் கீழ் எல்லையை எல்லாருக்கும் ஒரே மாதிரி 90-இல் விட்டுவைத்தால் அவர்கள் படுக்கையில் அது ஓயாமல் கத்தும். சலித்துப்போய் யாரோ ஒருவர் சத்தத்தையே அணைத்துவிடுவார். உண்மையான சரிவு வரும்போது கருவி ஊமையாக இருக்கும். ஷிஃப்ட் மாறும்போதே படுக்கைவாரியாக எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும். சில்லிட்ட விரல், நகப்பூச்சு, விரலில் மாட்டும் சென்சாரின் நைந்த ஒயர் ஆகியவையும் பொய் அளவு காட்டும். அதனால் அலாரம் அடித்ததும் பட்டனை அமுக்காமல், முதலில் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். விரல் குளிர்ந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நோயாளிக்கும் தன்னைக் கவனிக்க ஆள் வந்தது தெரியும்.

காணொலி ஆலோசனை முடிந்ததும் செவிலியர் உடனே எழுந்து போகக் கூடாது. எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொன்னால் எங்கே புரியவில்லை என்பது அங்கேயே வெளிப்படும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சென்சார், பேட்டரி, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் கஃப் ஆகியவை அதில் அடக்கமா என்று பாருங்கள். நுகர்பொருள் என்று விலக்கியிருப்பதே வழக்கம். பயிற்சியும் அப்படித்தான். கம்பெனி ஆள் பகலில் வந்து, இருப்பவர்களுக்குக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இரவுப் பணியாளர்களுக்கும் பயிற்சி முடிந்தால்தான் பில்லுக்குப் பணம் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவமனை நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்கள்