சிரம்பான் டாக்டர்

குணா,

நலமா, வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள். இங்கே மழை, மற்றபடி ஒன்றும் மாறவில்லை. எழுத வந்தது வேறு விஷயம். உன் பரம எதிரி யோகா சிரம்பான் பக்கத்து நம்ம ரந்தாவுக்கே வந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு, முட்டி வலிக்கு நல்லதென்று என் வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போகிறாள். சிரிக்காதே. தோட்டத்து ஆபீஸ் கிராணி மகன் அந்தத் தொப்பையோடு காலைத் தூக்குவதைப் பார்த்தால் நீ சுயமரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு முதல் வரிசையில் உட்காருவாய்.

மண்டபத்தில் சுவாமி சிவானந்தர் படம் மாட்டியிருக்கிறார்கள். எல்லாரும் ரிஷிகேஷ் சாமியார் என்கிறார்கள். ஆள் யார் தெரியுமா? கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடைக் குப்புசுவாமி! 1887இல் பிறந்து, தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறிய டாக்டர். கப்பல் சாப்பாட்டைத் தொடாமல் அம்மா கட்டிக்கொடுத்த இனிப்புப் பலகாரத்தையே தின்று, பாதி உயிராகச் சிங்கப்பூரில் இறங்கியிருக்கிறார். அப்புறம் சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட ஏழு வருஷம். பிறகு ஜொகூர் பாருவில் மூன்று வருஷம். தனியாக ஆஸ்பத்திரி நடத்துவாயா என்று தோட்டத்துத் துரை கேட்டதற்கு, மூன்று கொடுத்தாலும் நடத்துவேன் என்றாராம். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரசர் வேலை கேட்கப் போன கதைதான் ஞாபகம் வந்தது.

அங்கே அவர் பார்த்த நோயாளிகள் யாரடா? நம் பாட்டன் பூட்டன்கள்தானே. தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக மலேரியாவில் சுருண்டு கிடந்த காலம் அது. 1923இல் வேலையை விட்டு இந்தியா போய், மறு வருஷம் ரிஷிகேஷில் சந்நியாசம் வாங்கினார். துறவைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள், எனக்கு அந்தப் பத்து வருஷம்தான் மண்டையில் ஓடுகிறது. காவி கட்டிய பிறகும் மனிதர் மருந்தை விடவில்லை, ரிஷிகேஷ் பக்கத்து லட்சுமண ஜூலாவில் சாதுக்களுக்கும் யாத்திரைக்காரர்களுக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கினார், அவர் சொன்ன வரிசையைப் பார்: சேவை செய், அன்பு காட்டு, கொடு, தூய்மையாகு, தியானம் செய், உணர். தியானமே ஐந்தாவதாகத்தான் வருகிறது! கர்மம், பக்தி, ராஜயோகம், ஞானம் நாலும் சேர்ந்தே வளரவேண்டும், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆள் கோணலாகிவிடுவான் என்பது அவர் கட்சி. அத்வைதி வேறு. எல்லாம் ஒன்றே என்றால், எதிரே படுத்துக் கிடப்பவனுக்குச் செய்வதுதானே பூஜை? ஆசனமெல்லாம் அந்த வேலைக்கு உடம்பைப் பழக்குவது, அவ்வளவுதான். ஆனால் சீடர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள், நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்துச் சச்சிதானந்தர் 1969இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையிலேயே ஏறிப் பேசினார், கடைசியில் உலகம் பிடித்துக்கொண்டது காலை மடக்குவதைத்தான். இங்கேயும் அதே கதை. மாஸ்டர் நல்ல பையன், மூச்சைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், சேவை என்று ஒரு வார்த்தை வராது. பத்தமடைக்காரர் படத்துக்கு முன்னால் அத்தனை பேரும் பிளாஸ்டிக் பாய், அதையும் சொல்லவேண்டும்.

சரி, இனிமேல் சொல்வதைக் கோபப்படாமல் கேள். அந்தோணிக்கு இடது காலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரைதான். உனக்குச் சொல்லவேண்டாம் என்றான், நான் சொல்கிறேன். அவன் வீடு மண்டபத்துக்கு அடுத்த சந்து. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் அவன் வாசலைத் தாண்டித்தான் ரொட்டி சானாய் கடைக்குப் போகிறார்கள். மாஸ்டரிடம் பேசிப் பார்த்தேன், யோகா தினம் முடியட்டும் அங்கிள் என்கிறார். மகள் வேலைக்குப் போனபிறகு அவன் தனியாகத்தான் கிடக்கிறான். நான் போய்க் கட்டு மாற்றுகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது குணா. புண்ணின் ஓரம் கறுத்திருக்கிறதா, அது அப்படித்தான் இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிளினிக் தேதி வர இன்னும் நாளிருக்கிறது. அதற்கு முன்னால் கூட்டிப் போகலாம் என்றால் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்.

உனக்குச் சாமி வேண்டாம், யோகா வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆயுசு முழுக்க அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவன் நீ. ஈப்போவில் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது போதும், இந்த வாரமே ரயிலேறு. சிரம்பான் ஸ்டேஷனில் காரோடு நிற்கிறேன். நீ திட்டினால் அவன் கேட்பான். சீட்டுக்கட்டை மறக்காதே, பழைய கணக்கில் நீ இன்னும் அவனுக்குப் பாக்கி.

மணியம்