யானைக் குட்டிக்காக வழக்குப் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலங்குகளுக்கு மனிதர்களைப் போலச் சட்ட உரிமை வேண்டுமா என்று உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தைப் படித்துவருகிறேன். மாட்டுக்கு ஓட்டுரிமை தருவீர்களா என்று ஒரு வாசகர் கிண்டல் செய்திருந்தார். பேச்சு அதுவல்ல. கோயில் சாமியைச் சட்டம் ஓர் ஆளாகவே மதிக்கிறது. சாமி பேரில் நிலம் இருக்கிறது. பறிபோனால் சாமி பேரிலேயே வழக்கு நடக்கிறது. அதற்காகச் சாமிக்கு யாரும் ரேஷன் கார்டு கேட்கவில்லை.

2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஅள்ளி பக்கம் தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. வேலி போட்டவரைக் கைது செய்தார்கள், சரி. மனிதன் இப்படிச் செத்தால் பிள்ளைகள் பேரில் இழப்பீடு கேட்கலாம். அந்தக் குட்டிகள் பேரில் கேட்பது யார்? சட்டப்படி செத்த யானை அரசாங்கத்துச் சொத்து, அவ்வளவுதான்.

2018ல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குகளைச் சட்ட நபர்களாக அறிவித்து, மாநில மக்கள் எல்லோரையும் அவற்றுக்குப் பாதுகாவலர் ஆக்கியது. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் கடைசியில் ஒருவரும் வரமாட்டார்கள். 2023 மே மாத ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலோ, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். எனக்கு அடிப்படை உரிமை வரை போக வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாவலரைச் சம்பளம் கொடுத்து நியமித்து, விலங்கு பேரில் கோர்ட்டுக்குப் போகும் அதிகாரம் கொடுத்தால் போதும்.

நானும் ராகி போடுகிறவன்தான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் யானை இறங்கினால் ஒரே ராத்திரியில் வருஷச் சாப்பாடு போய்விடும். பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். சோலார் வேலி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. மோட்டார் லைனிலிருந்து நேரே கம்பிக்குக் கரண்ட் இழுத்தால் யானையும் போகும், ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற பக்கத்துக் காட்டுக்காரரும் போவார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பயிர் இழப்பீட்டுக்கு மனு எழுதி அலைந்து ஓய்ந்தவர்தான் அப்புறம் அந்த வேலைக்குத் துணிகிறார்.

அதனால் யானை தின்ற ராகிக்கும் அதே பாதுகாவலரிடம் பணம் கேட்டு வழக்குப் போட எங்களுக்கு வழி இருக்க வேண்டும். சாமி வழக்குப் போடலாம் என்றால், சாமி மேலும் வழக்குப் போடலாம் அல்லவா?

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.