சேர், அந்தக் கொப்பிகளைத் தாருங்கள்

அன்புள்ள சேர்,

போன மாதம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது இன்னும் மனதில் கிடந்து உழல்கிறது. "அதெல்லாம் இன்னும் முடியாத வேலை பிள்ளை. முடிக்காததை எப்படி ஆக்களுக்குக் குடுக்கிறது?" கட்டிலுக்குக் கீழே இருக்கும் றங்குப்பெட்டியைப் பற்றித்தான் கேட்டேன். உள்ளே முப்பத்தொரு கள ஆய்வுக் கொப்பிகள், எண்ணிப் பார்த்தேன். அன்று உங்களுக்கு முன்னால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் உங்களிடம் வரலாறு படித்த மற்றவர்களும் வாசித்துவிட்டு என் பக்கம் நிற்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடைக்குக் கள ஆய்வுக்குப் போனது நினைவிருக்கிறதா சேர்? எங்களுக்கு மூன்றாம் வருடம். மழை விட்ட அடுத்த நாள். பழைய பௌத்தத் தூபிகள் இருக்கும் வேலிக்குள் கூட்டிப்போவீர்கள் என்று பார்த்தால், அதைத் தாண்டிப் போய் ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் குந்தினீர்கள். மழை மண்ணைக் கழுவி வைத்திருந்தது. விரல் நீளத்துக்கு ஓர் ஓட்டுத்துண்டு. லேஞ்சியால் துடைத்து என் கையில் தந்தீர்கள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. "பெருங்கற்காலம், சேர்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "அதைப் பிறகு பாப்பம். எங்கை கிடந்தது எண்டு முதல் எழுது."

கிணற்றடியிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, மேல்மண்ணா, வரம்பு வெட்டியபோது புரண்ட மண்ணா என்று எழுதி முடிக்க அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் தோட்டக்கார ஐயாவிடம், வெளியிலிருந்து மண் ஏதும் ஏத்திப் போட்டதோ என்று கேட்டீர்கள். "ஓம், அப்பா காலத்திலை குளத்து மண் போட்டது" என்றார். ஓடு அந்த மண்ணோடு வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். உங்கள் கொப்பியில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்தது. எனக்கு அன்று ஏமாற்றம். வரலாறு என்பது என்ன வேலை என்று எனக்கு விளங்கியது அந்தக் கேள்விக்குறியில்தான்.

1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையைப் படிப்பிக்கும்போதும் இதையே சொன்னீர்கள். மேல் வரியில் குறியீடுகள், கீழே பழைய பிராமி எழுத்துகள். அது ஈமக்குழிக்குள் எலும்புக்கூட்டோடு கிடந்ததும், கிடந்தபடியே பதியப்பட்டதும்தான் அதற்குப் பெறுமதி. யாரோ பொறுக்கிப் பழம்பொருள் சேர்ப்பவரிடம் விற்றிருந்தால் அது வெறும் முத்திரை.

நயினாதீவுக் கல்வெட்டையும் மறக்க முடியாது. அனுராதபுரமோ பொலன்னறுவையோ என்றால் சிங்களம், யாழ்ப்பாணம் என்றால் தமிழ் என்று கோடு கிழித்துக்கொண்டு வந்த எங்களுக்கு, முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணையை வரி வரியாக வாசித்துக் காட்டினீர்கள். யானை, குதிரை கொண்டு வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. 12ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறையில் வந்து இறங்கிய பரதேசிகளுக்கு, அதாவது வெளிநாட்டாருக்கு, பாதுகாப்பு வேண்டும் என்று ஓர் அரசன் யோசித்திருக்கிறான், அதை அவர்களுக்கு விளங்கக்கூடிய மொழியில் கல்லில் வைத்திருக்கிறான். கந்தரோடைத் தூபிகளைப் பற்றியும் அப்படித்தான். பௌத்தம் என்றவுடன் அது எங்களுடையது இல்லை என்று ஒதுக்குகிறவர்களும், பௌத்தம் என்றவுடன் அது தங்களுடையது மட்டும் என்று பிடிக்கிறவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்றீர்கள். போர்க்காலத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

முடியாத வேலை என்கிறீர்கள். பேராசிரியர் இந்திரபாலா இலங்கைத் தமிழர் வரலாறு பற்றி 1965இல் லண்டனில் ஆய்வேடாக எழுதிய முடிவுகளைப் புதிய சான்றுகள் வந்தபின் 2005இல் தாமே திருத்தி நூலாக்கினார். நாற்பது வருடம். அவரை உதாரணம் காட்டியவர் நீங்கள்தானே? அவருக்கே நாற்பது வருடத்துக்குப் பிறகும் திருத்த இருந்தது என்றால், உங்களுக்கு மட்டும் எல்லாம் முடிந்திருக்க வேண்டுமா?

இன்னொன்று. உங்கள் கொப்பிகளில் எட்டு, 1990க்கு முந்தியவை. மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கம் சைக்கிளில் திரிந்து எழுதியவை. காணி உறுதிகளில் உள்ள பெயர்களை வளவு வளவாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எது கலட்டி, எது புலம், எது தறை, எந்தக் கிணறு யார் வெட்டியது. பிறகு அது சனம் போக முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயம். இப்போது காணி விடுபட்ட இடங்களுக்குத் திரும்பிப் போனவர்கள் தங்கள் எல்லையைத் தேடுகிறார்கள். மதில் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, பெயர் தெரிந்த கிழவர்களும் இல்லை. சில வளவுகளுக்கு உங்கள் பென்சில் எழுத்துத்தான் மிச்சம். அதையும் முடியாத வேலை என்று பெட்டிக்குள் வைப்பீர்களா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் போயின. படி எடுக்காதது போனது போனதுதான். நீங்கள் அதை அறிந்தபடியால்தான், 1995 ஒக்ரோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பையை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, நாவற்குழிப் பாலத்தில் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனீர்கள். உங்கள் வீட்டில் ரீச்சர் சொன்னா. பொலித்தீன் தாளைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு நீங்கள் நனைந்தீர்களாம். ஜாம் போத்தல் விளக்கில் இருந்து நல்ல படியெழுதியதும் அந்த வருடங்களில்தான். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியது கட்டிலுக்குக் கீழே கறையான் தின்னவா சேர்?

கேள்விக்குறிகளை அழிக்க வேண்டாம். அடித்த இடங்களையும் அப்படியே விடுங்கள். நான் பாடசாலையில் உயர்தர வரலாறு படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் முடிவுகளை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒரு பேராசிரியர் "குளத்து மண்?" என்று எழுதி நிறுத்தியிருப்பதை அவர்கள் ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு வருகிறேன். ஸ்கானரும் பழைய மாணவர் இரண்டு பேரும் கூட வருவார்கள். எல்லாம் உங்கள் வீட்டு விறாந்தையிலேயே நடக்கும், ஒரு கொப்பியும் வெளியே போகாது. மயிலிட்டிக் கொப்பியில் தொடங்குவோம். அதில் தண்ணீர் பட்டு மங்கின மூன்று பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை வாசிக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

அன்புடன்,
உங்கள் மாணவி