பாட வாய் எழாத தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. ஆராதனையில் எல்லோரும் கைகளை உயர்த்திப் பாடும்போது உனக்கு மட்டும் வாய் எழுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வெறுமனே உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பது மாய்மாலமாகத் தோன்றுகிறது, சபைக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. வேதத்தில் உதட்டை மட்டும் அசைத்து நின்ற ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சாமுவேலின் தாய் அன்னாளைச் சொல்கிறேன். பிள்ளையில்லை, ஜெபித்தாள், பிள்ளை பிறந்தது என்று அவள் கதையை நாம் சுருக்கிவிடுகிறோம். அதையே காட்டி, 'அன்னாளைப் போல் ஜெபி, உனக்கும் கிடைக்கும்' என்று துக்கத்தில் இருக்கிறவர்களிடம் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 1 சாமுவேலின் முதல் 2 அதிகாரங்களை நிதானமாகப் படித்தால் அங்கே இருப்பது வேறு.

குடும்பம் வருடந்தோறும் ஆலயம் இருந்த சீலோவுக்குப் பலியிடப் போகும். அந்தப் பண்டிகை நாட்களில்தான், அவள் கணவரின் இன்னொரு மனைவியும் பிள்ளைகள் உள்ளவளுமான பெனின்னாள் அன்னாளை மிகவும் மனமடிவாக்குவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். 'பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலல்லவா' என்று கணவர் எல்க்கானா தேற்றுகிறார். நல்ல மனிதர், ஆனால் அவள் துக்கத்தின் ஆழம் அவருக்குப் பிடிபடவில்லை.

அவள் போன ஆலயமும் அப்போது சுத்தமாக இல்லை. ஆசாரியனான ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் கர்த்தரை அறியாதவர்கள். பலி இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து, பானைக்குள் குத்தி, அதில் வருவதையெல்லாம் ஆசாரியனுக்கென்று எடுத்துப்போவான். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சி கேட்டு மிரட்டுவதும் உண்டு. ஜனங்கள் காணிக்கையையே வெறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்ததைத் தேவன் மன்னித்து விட்டுவிடவில்லை, நியாயந்தீர்த்தார். ஆனால் தனக்கும் தேவனுக்கும் நடுவே அவர்கள் வந்து நிற்க அன்னாள் இடம் கொடுக்கவில்லை.

அவள் ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலை அருகே உட்கார்ந்திருந்த ஏலி அவள் வாயையே கவனித்துப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிடுகிறார். உன்னிடம் 'விசுவாசக் குறைவு' என்று ஒருவர் சொன்னதாக எழுதினாயே, இதுவும் அப்படித்தான். அன்னாள் கூனிக் குறுகவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. 'என் ஆண்டவனே' என்று மரியாதையோடு அழைத்து, தான் குடிக்கவில்லை என்று தெளிவாக மறுத்துவிட்டு, "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்கிறாள். ஆலயத்தின் மூத்த ஆசாரியன் அடையாளம் காணாத அந்த ஜெபத்திலிருந்தே, எப்படி ஜெபிக்கவேண்டும் என்ற நெறிகளைப் பிற்கால யூத ரபீக்கள் எடுத்துக்கொண்டார்கள். தல்மூது என்ற அவர்களுடைய போதனைத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அவள் போய்ச் சாப்பிட்டாள், முகத்தில் துக்கம் இல்லை. மறுநாள் அதிகாலையில் எழுந்து, குடும்பத்தோடு கர்த்தரைப் பணிந்துகொண்டு வீடு திரும்பினாள். அந்தக் காலையில் அவள் கையில் என்ன இருந்தது? சமாதானத்தோடே போ என்று ஏலி சொன்ன வாழ்த்து மட்டும்தான். கர்ப்பம் இல்லை. பெனின்னாள் இருக்கும் அதே வீட்டுக்குத்தான் போகவேண்டும். சாமுவேலைப் பற்றிய செய்தி அதன் பிறகுதான் வருகிறது. பதில் கிடைத்ததால் அவள் பணிந்துகொள்ளவில்லை. பாரத்தையெல்லாம் இறக்கி வைத்த இடத்திலேயே பணிந்துகொண்டாள்.

அவளும் பாடினாள், ஆனால் வெகுகாலம் கழித்து. பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டுவிட்டு வரும் நாளில், எந்தத் தாயும் அழுதிருக்கக்கூடிய நாளில் பாடினாள். அந்தப் பாட்டில் அவள் பிள்ளையின் பெயர்கூட இல்லை. மலடி ஏழு பெற்றாள் என்று ஒரே ஒரு வரி அவள் நிலையைத் தொட்டுச் செல்கிறது. மற்றபடி எல்லாம் கர்த்தரைப் பற்றி: பலவான்களின் வில் முறிகிறது, பசித்தவர்கள் பசியாறுகிறார்கள், எளியவன் புழுதியிலிருந்து எடுக்கப்படுகிறான். லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாட்டைப் படித்துப் பார், அன்னாளின் குரல் அங்கேயும் கேட்கும்.

அந்தப் பாட்டையும் அன்றைய மௌனத்தையும் ஒன்றைவிட ஒன்று உயர்ந்ததாக என்னால் வைக்க முடியவில்லை. அதனால் பாடல் குழுவுக்கு இப்போதே திரும்பவேண்டும் என்று உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. பின்வரிசையில் உட்கார். மற்றவர்கள் பாடட்டும். நீ உன் சொந்த வார்த்தைகளில், சத்தமில்லாமல், உள்ளதை உள்ளபடியே அவரிடம் சொல். யாராவது தவறாக எண்ணிக் கேட்டால், அன்னாளைப் போல் மரியாதையாக, தயங்காமல் பதில் சொல். சொல்லத் தெம்பில்லாவிட்டால் எனக்கு எழுது, நான் அவர்களிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா