திருப்பணி நிறைவு அறிக்கையும் சில பதில்களும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கோவில் குடமுழுக்கு நடந்து மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. அதைப் படிக்காமலே கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் இடம் போய்விட்டது.

கொடிமரம், மடைப்பள்ளிக் கூரை, திருக்குளப் படிகள், வாகனங்கள், மின்வயர் மாற்றம் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

மகாமண்டபத்தின் மேல்தளத்துக்கு மட்டும் மதிப்பீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவானது. முந்தைய திருப்பணியில் தளத்தின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒழுகல் நிற்கவில்லை. இம்முறை அதை உடைத்துப் பார்த்தபோது, அடியிலிருந்த பழைய சுண்ணாம்புத் தளம் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நீர் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிர்கிறது. "சிமெண்ட்தானே கெட்டி?" என்று பொதுக்குழுவில் கேட்டவர்கள் வந்து பார்க்கலாம். பெயர்த்தெடுத்த சில்லுகளை வாகன மண்டபத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டது செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்துக்கும் அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பதற்கும்தான். பாதி வேலையில் வந்து, சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்றார். வடமூலையில் நம்மைக் கேட்காமலே சிமெண்ட் கலவையைப் போட்டார். நிறுத்தச் சொன்னோம். மறுநாள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்காகப் பரிந்து பேசிய உறுப்பினர்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தால் போதும். வேறு மாவட்டத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை வரவழைத்தோம். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடுதல் செலவு முழுக்க இதில் வந்ததுதான்.

சுவர்களை மணல் வீச்சில், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சி, இரண்டே நாளில் பளிச்சென்று ஆக்கித் தருவதாகவும் அந்த ஒப்பந்ததாரரே சொன்னார். தெற்குச் சுவர் முழுக்கக் கல்வெட்டு. மணல் அழுக்கை மட்டும் பார்த்து எடுக்காது, எழுத்தின் விளிம்பையும் தேய்த்துக்கொண்டு போகும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதக் கூழ் அப்பி எடுத்தோம். சுவர் இன்னும் கருப்பாகவே இருக்கிறது என்று ஒரு புகார். கருங்கல் கருப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது விருது. குழுவினர் யுனெஸ்கோ விருதுக்கு ஆசைப்பட்டுச் செலவை இழுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. விண்ணப்பிக்காமல் கோட்டை விட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் சொன்னவர் ஒருவரே என்று கேள்வி! ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான அந்தப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது 2000 முதல் வழங்கப்படுகிறது. கட்டடம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். பணி முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்கவும் வேண்டும். நமக்கு ஓராண்டு ஆகவில்லை. பிறகெப்படி இப்போதே விண்ணப்பிப்பது? திருவரங்கம் 2017-இல் அந்த விருதைப் பெற்றது. அங்கே பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் பாராட்டப்பட்டது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சிக் கோவிலுக்கும் அண்மையில் கிடைத்தது. அந்த வரிசையில் நம்மை வைக்கும் அளவுக்கு எங்களுக்குத் தலை வீங்கவில்லை. தேரடியில் "விருது பெறப்போகும் ஆலயம்" என்று பிளக்ஸ் வைத்தது குழு அல்ல, அதற்குக் கோவில் பணத்தில் ஒரு காசும் செலவிடவில்லை. ஓராண்டு கழிந்ததும் விண்ணப்பிப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களும் அளவுக் குறிப்புகளும் தயாராக உள்ளன.

உபயதாரர்கள்: மேலத்தெரு ஜவுளிக்கடைக் குடும்பத்தார், சிங்கப்பூரில் இருக்கும் வடக்குத்தெருப் பிள்ளைகள், அரிசி ஆலைச் சகோதரர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, பூக்கடைச் சங்கத்தார், செங்கல் சூளைக்காரர், கடுக்காய் மூட்டைகளை இலவசமாகத் தந்த நாட்டு மருந்துக் கடைக்காரர், தளம் கெட்டிப்பட மரக்கட்டையால் தட்டிக் கொடுத்த தெற்குத்தெருப் பெண்கள், பெயர் வேண்டாம் என்ற ஒருவர், பெயர் பெரிய எழுத்தில் வேண்டும் என்ற மூவர். கல்வெட்டுப் பலகையில் பெயர்கள் பணம் வந்த தேதி வரிசையில் உள்ளன, தொகை வரிசையில் அல்ல. இதை மாற்றும் உத்தேசம் இல்லை.

ஒப்பந்ததாரருக்குப் பிடித்துவைத்த தொகையைக் கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்துள்ளது. பதில் அனுப்பிவிட்டோம், நகலை அலுவலகத்தில் பார்க்கலாம். எழுதிக் கொடுத்த நன்கொடையை இன்னும் செலுத்தாதவர்களின் பெயர்களை இங்கே போடவில்லை. ஆடி கடைசி வரை ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கும்.