திங்கட்கிழமை, அக்கா

அக்காவுக்கு,

திங்கட்கிழமை உன் ஓ.சி.டி.க்கு, திரும்பத் திரும்பக் கழுவ வைக்கிற அந்த வியாதிக்கு, காந்தச் சிகிச்சையின் முதல் சிட்டிங். ஆறு வாரம், 29 தடவை. நீ சரி என்று சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. இங்கே எழுதட்டுமா என்று கேட்டபோது பேர் மட்டும் போடாதே என்றாய். போடவில்லை. உன் கல்யாணப் பேச்சும் அதற்குப் பிறகு நடந்ததும் இதில் வராது. சொந்தக்காரர்களும் படிப்பார்கள்.

அந்த ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடிவிட்டுக் கீழே வந்தேன். முழங்கை வரை சோப்பு நுரையோடு கைகளை முன்னால் நீட்டியபடி நின்றிருந்தாய். கழுவவும் முடியாது, எதையும் தொடவும் முடியாது. நுரை குமிழ் குமிழாக உடைந்து, தோல் வெடிப்புகளில் வெள்ளையாகக் காய்ந்தது. விடியும்வரை கையை மடக்கவே இல்லை நீ. என்னைத் திட்டவும் இல்லை. "வால்வைத் தொட்ட கையைக் கழுவினியாடா?" என்று மட்டும் கேட்டாய்.

மன்னித்துவிடு. காலையில் எனக்கு இன்டர்வியூ, அம்மா அழுதுகொண்டிருந்தாள், டேங்க் பாதிக்குமேல் காலி. அதெல்லாம் ஒரு காரணமா என்றால், அன்றைக்குக் காரணம்தான். இன்றும் அதை முழுசாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தெரபிஸ்ட் ஈ.ஆர்.பி. என்ற பயிற்சியை விளக்கியபோது என் முகம் மாறியதைப் பார்த்திருப்பாய். அழுக்கைத் தொட வேண்டும், கழுவாமல் இருக்க வேண்டும், பதற்றம் இருந்தாலும் தாங்கிப் பழக வேண்டும். நானும் இதைத்தானே செய்தேன் என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. பிறகுதான் உறைத்தது. அதில் குழாயை மூடுவது நீ. எந்தப் படியில் தொடங்குவது என்று சொல்வதும் நீ. அன்றைக்கு உன்னிடமிருந்து நான் பிடுங்கியது அதைத்தான்.

காந்தச் சிகிச்சைக்குத் தலையில் வைக்கிற ஹெல்மெட்டை நினைத்துப் பயப்படாதே. இரண்டு விநாடி டக் டக் என்று காந்தத் துடிப்பு, இருபது விநாடி ஓய்வு. இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் உன்னை எதையாவது தொட வைத்துப் பயத்தைக் கிளப்புவார்கள். "தப்பாகிவிட்டது, திரும்பப் பார்" என்று மூளையில் விடாமல் கத்துகிற நரம்பு வட்டம் விழித்திருக்கும்போதே துடிப்பு உள்ளே போக வேண்டுமாம். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை அனுமதிக்கக் காரணமான ஆய்வில் ஆறு வார முடிவில் 38 சதவீதம் பேருக்குப் பலன், போலிச் சிகிச்சையில் 11. அந்த 38-இல் நீ இல்லாமல் போனால் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஈ.ஆர்.பி.யும் கூடவே நடக்கட்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது அதனால்தான். வியாதியின் தீவிரத்தை அளக்கிற உன் ஸ்கோர் 40-க்கு 31. அது 21 ஆனாலே எனக்குப் போதும்.

ஆனால் ஒன்று. என் பத்தாவது ரிசல்ட் வந்த அன்று அம்மா பாத்ரூம் வாசலில் பக்கெட்டோடு நின்றாள். மார்க் ஷீட்டைக் கையில் வாங்கவில்லை, நீ கத்துவாய் என்று. உன் தப்பு இல்லை, வியாதி. தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

வண்டியில் ஏறியதும் "சீட் சுத்தமாடா?" என்று கேட்பாய். பதில் சொல்ல மாட்டேன்; சொல்லக் கூடாது என்று தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே.

ஏழரைக்கு வாசலில் நிற்பேன். அந்த நீல பாத்ரூம் செருப்பைப் பையில் போட்டு எடுத்து வா. நீயே எடுத்துப் போடு. நான் தொட்டுத் தர மாட்டேன்.

தம்பி