சேகர் கோபித்துக்கொண்ட கதை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து மேசைமேல் கிடந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக உமா சொன்னாள். இனிமேல் என் கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் சேகரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அவன் தரப்பை இதற்குள் உன்னிடம் ஒப்பித்திருப்பான். அந்தக் காலத்திலிருந்தே அவனுக்கு உன்னைத் தவிர வேறு நீதிமன்றம் கிடையாது. ஆகவே என் மனுவையும் தாக்கல் செய்துவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

சினைப்பைப் புற்றுநோயில் இறந்த அவன் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவாக ஒரு பெரிய முகாம் நடத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் இலவசமாக, அந்த நோயின் தடயத்தை ரத்தத்தில் தேடும் சிஏ-125 பரிசோதனை, கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பணம் சேர்த்துவிட்டான், இடம் பார்த்துவிட்டான், என்னைக் கேட்காமலே அழைப்பிதழில் என் பெயரையும் போட்டுவிட்டான், ‘மகளிர் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சியாளர்’ என்ற அடைமொழியோடு. நான் வர மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தாமல், முகாமே வேண்டாம் என்றும் சொன்னேன். “இத்தனை வருடம் இதையே படித்துவிட்டு, ஏதாவது செய்ய வருகிறவனையும் தடுக்கிறாயே, நீயெல்லாம் யாருக்காக ஆராய்ச்சி செய்கிறாய்?” என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான்.

உனக்குத் தெரியும், அவர் எனக்கும் அம்மாதான். விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நான் நின்ற அந்த டிசம்பரில் யார் வந்து நின்றார் என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் அவன் நினைப்பது போல அது புது யோசனை அல்ல. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்றுபோன, 50 முதல் 74 வயது வரையிலான பெண்களை, 2 லட்சம் பேருக்கும் மேல், சேர்த்து இதையேதான் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ-125, அது சந்தேகம் தந்தால் ஸ்கேன். இன்னொரு பிரிவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. உஷா மேனன் தலைமையிலான குழு 2021இல் இறுதி முடிவை வெளியிட்டது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில், நோய் முதலிரண்டு நிலைகளில் இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டது 39 சதவீதம் அதிகம். இந்த இடம்வரை படித்தால் சேகர் துள்ளிக் குதிப்பான். அடுத்த வரியில், சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் கணக்கு வருகிறது: பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

முன்னதாகப் பிடித்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? இந்த நோயில் மிக மோசமான வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை என்று இப்போது தெரிகிறது. கருக்குழாயின் நுனியில், எந்த ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் தொடங்குகிறது. ரத்தத்தில் அளவு ஏறி, ஸ்கேனில் கட்டி தெரிவதற்குள் வயிற்றறை முழுவதும் அது விதை தூவி முடித்திருக்கலாம். நாம் சில மாதங்கள் முந்திக்கொள்கிறோம். நோய் அதற்கும் வெகு முன்பே கிளம்பிவிடுகிறது.

சரி, பயன் இல்லை என்றால் போகட்டும், கெடுதல் என்ன என்று நீ கேட்பாய். சேகரும் அதைத்தான் கேட்டான். அமெரிக்காவில் 78,000 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. நோய் இல்லாமலே ‘இருக்கலாம்’ என்று முடிவு வந்தவர்கள் 3,000 பேருக்கும் மேல். அவர்களில் 1,000க்கும் அதிகமானவர்களுக்கு அறுவை சிகிச்சையே நடந்தது. அப்படி அறுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கடுமையான பின்விளைவு ஒன்றாவது வந்தது. யாரும் நோயாளி அல்ல, வசந்தி! காலையில் நன்றாக எழுந்து, நல்லதுக்குத்தானே என்று பரிசோதனைக்கு வந்தவர்கள். சேகரின் முகாமில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். நாற்பது வயதில் பலருக்கு மாதவிடாய் நின்றிருக்காது. கருப்பையில் வரும், புற்றல்லாத ஃபைப்ராய்டு கட்டி, கருப்பை உள்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், ஏன், மாதவிடாய் நாட்களே போதும், சிஏ-125 ஏறிவிடும். மறுபக்கம், முதல் நிலையில் இருக்கும் புற்றுநோய்களில் பாதி அளவுக்கு அது ஏறுவதே இல்லை. நோய் இல்லாதவளை அழவைத்து, நோய் உள்ளவளிடம் ஒன்றுமில்லை போய் வா என்று சொல்லும் ஒரு சோதனையை அம்மாவின் படத்துக்குக் கீழே வைத்துச் செய்ய என்னால் முடியாது.  

நான் வெறுமனே மறுக்கவும் இல்லை. அதே பணத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனையை நடத்துவோம், முன்னால் நின்று நானே செய்கிறேன் என்றேன். “அம்மாவுக்கு வந்தது அது இல்லையே” என்றான். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. துக்கத்தில் இருப்பவனிடம் பக்கத்து உறுப்பின் வெற்றிக் கதையைச் சொல்லி என்ன பயன்?

ஆனால் உன்னிடம் சொல்வேன், ஏனென்றால் என் வாழ்நாளை நான் கொடுத்தது அதற்குத்தான். கருப்பை வாய் நம் கண்ணுக்கு எட்டும், கைக்கும் எட்டும். வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் வரும் மாற்றத்தைப் பார்க்கலாம், சில நிமிடங்களில் சுட்டு அழித்துவிடலாம். புற்றுநோய் உலகில் இவ்வளவு தாராளமான அவகாசம் வேறெங்கும் கிடைப்பது அரிது. ‘பாப்’ பரிசோதனைக்குப் பெயர் தந்த மருத்துவர் பாப்பனிகொலாவ் அந்தக் காலத்தில் கண்ணாடிச் சில்லில் செல்களைத் தடவிப் பார்த்துத் தொடங்கியது இது. அவர் மனைவி ஆண்ட்ரோமாகி ஆண்டுக்கணக்காகத் தன் உடலிலிருந்தே மாதிரி கொடுத்தார். பரிசோதனைக்கு மட்டும் கணவர் பெயர். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தது தெரியுமா? பயிற்சி பெற்ற செவிலியர்கள், வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தை வெறும் கண்ணால் பார்த்தார்கள். சங்கரநாராயணன் குழு 2007இல் எழுதியபடி, இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இதே குழு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை செய்த எச்பிவி பரிசோதனையால் இறப்பு ஏறக்குறையப் பாதியானதை 2009இல் காட்டியது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை தராமல் விடப்பட்ட கிராமங்களைப் பற்றிய சர்ச்சை தனி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெருடும். தடுப்பூசிக் கதை இன்னும் அழகு. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024இல் எழுதினார்கள். உன் பேத்திக்கு எத்தனை வயது? உன் மருமகளிடம் கேட்டேன் என்று சொல்.

ஆனாலும் என் வேலையிலும் ஓட்டை இருக்கிறது. மாதிரியைப் பெண்களே தனியாக எடுத்துக் கொடுக்கும் முறையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். பிசிஆர் முறையில் சோதித்தால் மருத்துவர் எடுத்த மாதிரிக்கு அது சளைத்ததல்ல. வெட்கம் இல்லை, காத்திருப்பு இல்லை. கேட்டால் உடனே தருகிறார்கள். சிக்கல் அடுத்த படியில்தான். வைரஸ் இருக்கிறது என்று சொன்னதும் ஒரு கூட்டம் காணாமல் போய்விடுகிறது. சிலர் அதையே புற்றுநோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் உடலுறவால் பரவுவது என்று கேள்விப்பட்டதும் கணவனை நினைக்கிறார்கள், அல்லது கணவன் தங்களை என்ன நினைப்பான் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து தானே போகும் தொற்று அது. எந்த வருடம் வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. இதைத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்கப் பொறுமையான ஒரு பெண்ணை வேலைக்கு வைக்க நிதி கேட்டால், இயந்திரத்துக்கு வேண்டுமானால் தருகிறோம் என்கிறார்கள். சேகரின் பணத்தில் நான் கண்வைத்தது எதற்கென்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இனி இந்தக் கடிதத்தை எழுதவே வைத்த விஷயம். சண்டை போட்ட இரவில் தூக்கம் வராமல் புரண்டபோது, அம்மாவின் அக்கா நினைவுக்கு வந்தார். நம் இறுதித் தேர்வு நேரத்தில் சேகர் பாதியில் ஊருக்கு ஓடினானே, அந்தப் பெரியம்மா. மார்பகப் புற்றுநோய். ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை. அக்காவுக்கு அது, தங்கைக்கு இது.

அம்மாவுக்கு வந்த வகையில், 100 பேரில் சுமார் 15 பேருக்கு, பழுதானால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வர வழிசெய்யும் பிஆர்சிஏ மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருக்கும். அம்மாவுக்கு யாரும் அதைச் சோதிக்கவில்லை. வயிறு உப்புகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று மாதக்கணக்கில் வாயுத் தொல்லை மாத்திரை கொடுத்தார்கள், பிறகு எல்லாம் அவசரமாகிவிட்டது. அவருக்கு அந்தக் கோளாறு இருந்திருந்தால் அவன் தங்கை உமாவுக்கும் இருக்க வாய்ப்புப் பாதி. சேகருக்கும் பாதி, ஆண் என்பதால் விலக்கு இல்லை, அவன் மகளுக்கும் அது போகலாம். கோளாறு அதன் பிஆர்சிஏ-1 வகையில் என்றால், ஒரு பெண்ணுக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வர 44 சதவீத வாய்ப்பு. இருக்கிறது என்று தெரிந்தால் செய்யக்கூடியது இருக்கிறது: குழந்தைப்பேறு முடிந்தபின், உரிய வயதில், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது. இந்த நோய்க்கு எதிராக இன்று நம்மிடம் இருப்பதில் உண்மையிலேயே உயிர்காக்கும் ஆயுதம் அதுதான். சிறிய முடிவு அல்ல. உமாவுக்கு இந்த வயதில் அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஊரிலுள்ள பெண்களையெல்லாம் சோதிக்கக் கிளம்பியவன் தன் வீட்டில் இரண்டு பேரைச் சோதிக்கவில்லை. இதை நான் சொன்னால் பழிதீர்ப்பதாக எடுத்துக்கொள்வான். அண்ணனைத் தாண்டி உமாவிடம் நேரே போகவும் எனக்கு மனமில்லை. நீ பேசு. எண்கள் எதையும் சொல்லாதே. பெரியம்மாவைப் பற்றிக் கேட்டுத் தொடங்கு, மீதியை அவனே யோசிப்பான், முட்டாள் அல்ல. எங்கள் பிரிவில் மரபணு ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், நிதானமானவர், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அவன் சரி என்றால் நேரம் வாங்கித் தருகிறேன். என்னைப் பார்க்காமலே வந்து போகலாம், பின்வாசல் இருக்கிறது.

ஒன்று மட்டும் சீக்கிரம் நடக்க வேண்டும். அம்மாவின் பயாப்ஸி அறிக்கையும், மெழுகில் பதித்து வைத்த திசுக்கட்டியும் அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கும். அதை வைத்தும் சோதிக்க வழி உண்டு. ஆனால் காலவரையின்றி வைத்திருக்க மாட்டார்கள். மகன் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் தருவார்கள். விண்ணப்பத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவனிடம் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கிவிடு.

உன்,
பத்மா